காந்திமதியின் கட்டைவிரல்

ஆபீஸ் வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷினுக்குள் இருந்த பெண்குரல் ஏழாவது முறையாக "கிருபயா ஃபிர் ஸே பிரயாஸ் கரேன்" என்றது. மறுபடி முயலுங்கள் என்று அர்த்தம். காந்திமதி கட்டைவிரலை ஸ்வெட்டரில் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். கண்ணாடியின் மேல் மறுபடி அழுத்தினாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ஆன்ட்டி ஜி, கொஞ்சம் தள்ளிக்குங்க. நாங்க போட்டுட்டுப் போயிடறோம்" என்றான் பின்னால் நின்ற ஒருவன், இந்தியில்.

அவள் தள்ளி நின்றாள். பதினொரு பேர் வரிசையாக விரலை வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு 'டிங்', ஒரு பச்சை விளக்கு. ஒருவன் போனில் பேசிக்கொண்டே, மெஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வைத்தான். அவனுக்கும் பச்சை. எல்லாரும் போன பிறகு அவள் மறுபடி போய் நின்றாள். நான்கு தடவை சிவப்பு, ஐந்தாவது தடவை பச்சை. அதற்குள் மணி ஒன்பது பதினெட்டு. ஒன்பதே காலுக்கு மேல் போனால் அரைநாள் விடுப்பு கழியும்.

நவம்பர் மாதத்தின் மூன்றாவது வாரம் அது. காந்திமதிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.

இருபத்திரண்டு வயதில் தேர்வு எழுதி, திருநெல்வேலி டவுனிலிருந்து டெல்லிக்கு வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்தவள். இப்போது அசிஸ்டென்ட் செக்ஷன் ஆபீஸர். ஆர்.கே.புரத்தில் இருக்கிற அரசு குவார்ட்டர்ஸ் அவள் பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கணவர் ஜோதிலிங்கம் பாளையங்கோட்டைக்காரர். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர். ஒரே மகள் ஸ்ம்ருதி இருபத்தேழு வயதில் குர்காவுனில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு மெட்ரோவில் போய்வந்துகொண்டிருந்தாள்.

முப்பத்துநான்கு வருஷ வேலையில் காந்திமதி தாமதமாகப் போன நாட்களை ஒரு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதில் ஒன்று குடியரசு தின ஒத்திகைக்காக ரோட்டை அடைத்த நாள். அன்று பாதி டெல்லியே தாமதம். அப்படிப்பட்டவளுக்கு அந்த மாதம் மட்டும் மூன்று அரைநாள் போயிற்று.

செக்ஷன் ஆபீஸர் ப்ரணவ் முப்பத்திரண்டு வயதுக்காரன். நேராகப் பரீட்சை எழுதி அந்தப் பதவிக்கு வந்தவன். மரியாதை தெரிந்தவன், எழுந்து நின்றுதான் பேசுவான். ஆனால் எழுந்து நின்று அவன் சொன்னது இவ்வளவுதான்: "மேடம், நான் எதுவும் செய்யறதில்லை. சிஸ்டம் தானாவே போட்டுடுது."

"நான் எட்டே முக்காலுக்கே கட்டடத்துக்குள்ள வந்துட்டேன். கேட்ல நிக்கற காவலரைக் கேளுங்க."

"எனக்குத் தெரியும் மேடம். ஆனா சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

அவள் தன் நாற்காலிக்கு வந்து மேஜை விளக்கைப் போட்டு வலது கட்டைவிரலைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ரேகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மினுமினுப்பும், குறுக்கே மெல்லிய வெடிப்புகளும். முப்பத்துநான்கு வருஷமாக ஃபைல்களின் தாளைப் புரட்டிய விரல். வீட்டுக்கு வந்தால் பாத்திரம் தேய்க்கிற விரலும் அதுதான். இத்தனை வருஷத்தில் அவள் அதை இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை.

யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண் தெரியவில்லை, முட்டி வலிக்கிறது என்று சொல்லலாம், எல்லாரும் சொல்கிறார்கள். தோல் தேய்ந்துபோய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அடுத்த திங்களிலிருந்து அரைமணி முன்னதாகவே பஸ் ஏறினாள். மெஷின் அருகில் யாரும் இல்லாத நேரத்தில் தனியாக அதனுடன் மல்லுக்கட்டினாள். சில நாள் பதினைந்தாவது தடவையில் பிடிக்கும். சில நாள் அதுவும் இல்லை.

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடும்போது ஜோதிலிங்கம் கேட்டார். "ஏளா காந்தி, ஒரு மாசமா பாக்கேன். விடியுமுன்னயே ஓடுதே. அப்பிடி என்ன சோலி ஆபீஸ்ல?"

"விரல் பிடிக்க மாட்டேங்கு."

"எந்த விரலு?"

அவள் சொன்னாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். "தேங்கா எண்ணெயைத் தடவிப் பாரேன்."

"தடவாமலா சொல்லுதேன்? எண்ணெய் போட்டா கண்ணாடியில வழுக்குது. பவுடர் போட்டுப் பாத்தாச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சுப் பாத்தாச்சு. நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஸ்ம்ருதி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, அது ஏஜிங் ஸ்கின்மா. உள்ள கொலாஜன் குறைஞ்சிடும். அதுதான் தோலைப் பிடிச்சு வெச்சிருக்கறது. இருபத்தஞ்சுக்கு மேல எல்லாருக்கும் குறையும். நான் ரெண்டு வருஷமா பவுடர் எடுக்கறேனே, நீ பாத்ததில்ல?"

சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. வெள்ளைப் பவுடர். காலையில் மகள் அதில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதைக் காந்திமதி பார்த்திருந்தாள். ஏதோ குளுக்கோஸ் என்று நினைத்திருந்தாள்.

"உன் வயசுக்கு அது என்னத்துக்கு?"

"இப்ப எடுத்தாதானேம்மா உன் வயசுல..." என்று ஆரம்பித்த ஸ்ம்ருதி நிறுத்திக்கொண்டாள். பிறகு, "ட்ரை பண்ணிப் பாரேன். மூணு மாசத்துல வித்தியாசம் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள்.

"இதுல என்ன இருக்கு?"

"புரோட்டீன்மா. அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து காந்திமதி குடிக்கத் தொடங்கினாள். காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டு, வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன். ருசி இல்லை, வாசனையும் இல்லை. மருந்து என்றால் கசக்க வேண்டும் என்று பழகியவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் எதையும் முறையாகச் செய்கிறவள் அவள். ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் குடித்தாள்.

விரலுக்காக ஆரம்பித்தது மெல்ல முகத்துக்கு வந்தது. குளியலறைக் கண்ணாடியில் கன்னத்தை இழுத்துப் பார்த்தாள். கழுத்தில் இருந்த இரண்டு கோடுகள் எப்போது வந்தன என்று யோசித்தாள். புருவத்தைக்கூடத் திருத்திக்கொள்ளாதவள் அவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் கைகளைப் பார்த்து வயதைக் கணக்கிட ஆரம்பித்தாள். இந்தப் புதுப் பழக்கம் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை. ஜனவரிக் குளிரில் தோல் இன்னும் வறண்டது. மெஷின் இன்னும் மோசமாகப் படுத்தியது. புது வருஷத்து விடுப்பிலும் அரைநாட்கள் கழிய ஆரம்பித்தன.

பிப்ரவரி கடைசி வாரம் ஒரு புதன்கிழமை, விரலை வைத்ததும் 'டிங்' என்றது. முதல் தடவையிலேயே. அவள் நம்பாமல் இன்னொரு முறை வைத்தாள். 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று வந்தது. வியாழனும் பச்சை. வெள்ளியும் பச்சை.

"கொலாஜன் வேலை செய்யுது" என்று வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகத்தில் பரீட்சை முடிவு வந்த பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. ஸ்ம்ருதி கட்டிக்கொண்டாள். ஜோதிலிங்கம், "நல்லது, நல்லது" என்றார். அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னதை அவள் அன்று கவனிக்கவில்லை.

மார்ச் முழுக்கப் பச்சைதான். பங்குனி உத்திரத்தன்று பாலில் பவுடரைக் கலந்து குடித்துவிட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனாள். அன்று அவளுக்கு விரதம், பால் மட்டும்தான். சந்நிதிக்கு வெளியே பழக்கமான ஒரு அம்மாள், "என்ன, முகம் தெளிவா இருக்கே" என்றாள். இரண்டு நாள் அந்த ஒரு சொல்லிலேயே காந்திமதி மிதந்தாள்.

ஏப்ரல் முதல் வாரம் ஸ்ம்ருதி வேலையாகப் பெங்களூர் போயிருந்தபோது ஜாடியில் பவுடர் தீர்ந்தது. போன் செய்து பெயர் கேட்டாள். "நான் வந்து ஆர்டர் பண்றேன்மா" என்றாள் மகள். நான்கு நாள் இடைவெளி விட காந்திமதிக்கு மனமில்லை. செக்டர் மார்க்கெட்டில் இருந்த மருந்துக் கடைக்குப் போய், "அண்ணா, கொலாஜன் பவுடர் இருக்கா?" என்று இந்தியில் கேட்டாள்.

"மீன்லருந்து எடுத்ததா, வெஜ்ஜா, ஆன்ட்டி ஜி?" என்றான் கடைக்காரன்.

"மீனா?"

அவன் இரண்டு டப்பாக்களை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான். "இது மீன் தோல்லருந்து எடுக்கறது. மாட்டுலருந்து எடுக்கறதும் உண்டு, நான் வெக்கறதில்ல. வெஜ்ல கொலாஜனே கிடையாது. உடம்பு தானே தயார் பண்ண உதவற வைட்டமின் மட்டும்தான். அசல் கொலாஜன்னா மிருகத்துலருந்துதான் வரணும். செடியில எங்க இருக்கு?"

முதல் டப்பாவின் ஓரத்தில் பழுப்பு நிறச் சதுரம், அதற்குள் பழுப்பு முக்கோணம், அசைவத்துக்கான குறி. பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவள் அவள். சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்து, முட்டை போட்ட கேக்கைக்கூட ஆபீஸ் பிறந்தநாட்களில் கையில் வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறவள். எதையும் வாங்காமல் வெளியே வந்தாள். வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள், மூன்றரை மாதக் காலைகள் ஒவ்வொன்றாக அவளுக்குள் புரண்டன. விளக்கேற்றிவிட்டுக் குடித்தது. விரதத்தன்று குடித்தது.

வீட்டுக்கு வந்து ஜோதிலிங்கத்திடம் கேட்டாள். "ஸ்ம்ருதி வாங்குத பவுடர் என்னதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பேப்பரை மடித்தார்.

"கேக்கேன்லா?"

"பொங்கல் சமயம் குப்பைக்கூடையில அந்த டப்பா அட்டை கிடந்துச்சு. வாசிச்சேன்" என்றார்.

"வாசிச்சீயளா? வாசிச்சுட்டா சும்மா இருந்தீய?"

"நீ குடிக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆயிட்டு. சொன்னா என்ன ஆவும்? குடிச்சது வெளிய வரவா போவுது? அப்பறம் விரல் வேற பிடிக்க ஆரம்பிச்சுட்டு. நீ அன்னைக்கு சிரிச்சுக்கிட்டே உள்ள வந்தே. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

"உத்திரத்தன்னைக்காவது சொல்லியிருக்கலாம்."

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

ஸ்ம்ருதி திரும்பி வந்த அன்று, அவள் பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே காந்திமதி ஆரம்பித்துவிட்டாள்.

"இதுல என்ன இருக்குன்னு நான் உங்கிட்ட கேட்டேனா இல்லையா?"

மகளுக்கு உடனே புரிந்தது. "புரோட்டீன்னு சொன்னேன். புரோட்டீன்தானேம்மா அது."

"மீனும் புரோட்டீன்தான். மீன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ குடிச்சிருப்பியா? உனக்கு ஹெல்ப் பண்ணணும்னுதான்... அம்மா, ஸீரியஸ்லி, அதுல மீனே இல்ல. தோலை வேக வெச்சு, பிரிச்சு, பவுடராக்கி... ஸ்மெல்கூட இல்லையே."

"ஸ்மெல் இல்லாதபடி பண்ணிட்டா எது வேணும்னாலும் குடுத்துரலாம், அப்பிடித்தானே?"

"இதுல என்னம்மா இவ்வளவு? நான் மூணு வருஷமா ஆபீஸ்ல சிக்கன் சாப்பிடறேன். எனக்கு என்ன ஆச்சு?"

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று ஸ்ம்ருதிக்கு உறைத்தது. ஜோதிலிங்கம் கூடத்திலிருந்து எழுந்து பால்கனிக்குப் போனார். காந்திமதி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "நீ சாப்பிடுதது உன் இஷ்டம். உனக்கு வயசாயிட்டு. எனக்கும் வயசாயிட்டுல்லா? என் வாயில என்ன போவணும்னு நான்தானே முடிவு பண்ணணும்?"

அதன் பிறகு இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு இருக்கு, சாவி எங்கே, தண்ணி வந்துட்டா, அவ்வளவுதான். ஸ்ம்ருதி தனக்கு வந்த புது டப்பாவைக் கண்ணாடி ஜாடியில் கொட்டாமல், முக்கோணம் தெரியும்படி டப்பாவோடு அலமாரியில் வைத்தாள். அது மன்னிப்பா வீம்பா என்று காந்திமதிக்குத் தெரியவில்லை.

மே மாதம் அனல் காற்று வீசத் தொடங்கியது. வெளியே நெருப்பு, ஆபீஸுக்குள் நாள் முழுக்க ஏ.சி. அவள் தோல் மறுபடி காகிதமாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் மறுபடி "கிருபயா" என்றது. புதன்கிழமை பதினெட்டுத் தடவை. வியாழன் அரைநாள் போயிற்று.

பவுடரை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. நிறுத்தியதால்தான் இப்படி என்ற எண்ணம் அவளை அரித்தது. மறுநாள் காலை, வீட்டில் மற்ற இருவரும் எழுவதற்கு முன் அவள் அலமாரியைத் திறந்தாள். அந்தப் பழுப்பு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஸ்பூன் எடுத்தாள். பாலில் கலக்க மனம் வராமல் தண்ணீரில் கலக்கினாள். தெரிந்தே குடித்தாள். அன்று விளக்கேற்றவில்லை. சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை, அன்றும் குடித்தாள். திங்கட்கிழமையும் குடித்துவிட்டுப் போனாள். இருபத்திரண்டு தடவை விரலை வைத்தாள். இருபத்திரண்டும் சிவப்பு.

லேடீஸ் டாய்லெட்டில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதால்கூடத் தேவலை என்று இருந்தது. யாரும் ஏமாற்றாமல், யாரும் வற்புறுத்தாமல், ஒரு அரைநாள் விடுப்புக்காகத் தானே இதைச் செய்தோம், அதுவும் பலிக்கவில்லை. இதில் யாரைத் திட்டுவது?

ப்ரணவிடம் போய், தனக்கு மட்டும் பழையபடி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட அனுமதி வேண்டும் என்று கேட்டாள். "மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் ஒண்ணு குடுங்க மேடம். நான் ஃபைல் போடறேன்" என்றான்.

அரசு டிஸ்பென்சரியில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தாள். டாக்டர் அவள் வயதையொத்த பெண்மணி. விரலை ஒரு சின்ன லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சர்ட்டிஃபிகேட்ல நோயின் பேர் எழுதணும். நான் என்ன எழுதட்டும்?" என்று இந்தியில் கேட்டார். "இது நோய் இல்லையே. வயசாகுது, அவ்வளவுதான். வறண்ட தோல், தேய்மானம். என் விரலையும் பாருங்க."

காந்திமதி தயங்கித் தயங்கிக் கொலாஜனைப் பற்றிக் கேட்டாள்.

"வயித்துக்குள்ள போனா மத்த புரோட்டீன் மாதிரிதான் ஜீரணமாகும். முகத்துல கொஞ்சம் ஈரப்பதம் கூடுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. அதுல பாதி அதை விக்கறவங்க பணத்துல நடந்தது. அழிஞ்ச கைரேகை அதனால திரும்பி வரும்னு நான் எங்கேயும் படிச்சதில்லை."

"மார்ச்ல எனக்குப் பிடிச்சுதே டாக்டர்."

"மார்ச்ல டெல்லியில யாருக்குத்தான் தோல் நல்லா இல்லை? குளிர் போயிடுச்சு, வெயில் இன்னும் வரலை." டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். "பாத்திரம் தேய்க்கும்போது கையுறை போடுங்க. படுக்கும் முன்ன வாஸ்லின். வெயில்ல போனா முகத்துக்கு சன்ஸ்கிரீன். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

மார்ச். அவ்வளவுதானா? டிஸ்பென்சரி வாசலில் நின்று காந்திமதிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மகளுடன் போட்ட சண்டை, கணவரிடம் முகம் கொடுக்காத நாட்கள், விரதம் கெட்டது, பிறகு தானாகவே கெடுத்துக்கொண்டது, எல்லாம் ஒரு மார்ச் மாதத்துக்காக.

சர்ட்டிஃபிகேட் இல்லாததால் ஃபைல் நகரவில்லை. ஜூன் போயிற்று. ஜூலையில் ஒரு நாள் காலை, அவள் மெஷின் முன்னால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வேணு பக்கத்தில் வந்து நின்றார். செக்ஷன்களுக்கிடையே ஃபைல்களையும் தபாலையும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

"என்னா மேடம், கட்டைவிரலையே போட்டு அமுக்கிக்கினு இருக்கீங்க? வேற விரலு குடுக்கலயா நீங்க?"

"வேற விரலா?"

"நமக்கு போன வருசமே போயிடுச்சு மேடம், ரெண்டு கட்டைவிரலும். மாடியில அட்மின்ல சொன்னேன். இந்தா, இதை எழுதிக்கினாங்க." இடது கை மோதிரவிரலைக் காட்டி, மெஷினில் வைத்தார். 'டிங்.' "ரெண்டு நிமிசம் ஆகல. சர்க்குலர் கூட வந்துச்சே மேடம், நான்தானே எல்லா டேபிளுக்கும் கொண்டாந்தேன்."

அவள் பையைக்கூட மேஜையில் வைக்காமல் மாடிக்குப் போனாள். அட்மினில் இருந்த ஆபரேட்டர் பெண் அவளுடைய பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வலது கையில் ஐந்தும் மங்கல். இடது கைச் சுண்டுவிரலின் ரேகை மட்டும் திரையில் பளிச்சென்று வந்தது. அந்த விரல் எந்தத் தாளையும் புரட்டியதில்லை, எந்தப் பாத்திரத்தையும் அழுத்தித் தேய்த்ததில்லை.

"ஹோ கயா, மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"ஆயிட்டா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். முன்னாடியே வந்திருக்கலாமே?"

காந்திமதிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருந்ததால்தான் எட்டு மாதம். வேணுவுக்கு அந்த வெட்கம் இல்லை, விரல் போய்விட்டது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொண்டார்.

கழிந்த அரைநாட்களைத் திரும்பத் தரும்படி அன்றே ஒரு விண்ணப்பம் எழுதினாள். ப்ரணவ் அதை வாசித்துவிட்டு எழுந்து நின்றான். அவன் எழுந்தாலே நல்ல செய்தி இல்லை என்று அவளுக்கு இதற்குள் பழகியிருந்தது. சர்க்குலர் கோப்பைத் திறந்து காட்டினான். போன ஆகஸ்ட் தேதியிட்ட சர்க்குலர். 'கைரேகை பதிவாகாத ஊழியர்கள் நிர்வாகப் பிரிவை அணுகி மாற்று விரலைப் பதிவு செய்துகொள்ளலாம்.' ஓரத்தில் செக்ஷனில் உள்ள எல்லாருடைய இனிஷியலும் இருந்தது. நான்காவது அவளுடையது.

"நீங்க பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். இனிமே நான் என்ன எழுதறது?"

"ஒரு நாளைக்கு இருபது சர்க்குலர் வருது. இங்க யார் வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடறாங்க? நீங்க வாசிச்சீங்களா?"

ப்ரணவ் அந்தத் தாளைப் பார்த்தான். அவன் இனிஷியல் முதலாவதாக இருந்தது. "இல்லை மேடம்" என்றான். "ஆனா..."

"நவம்பர்லயே நான் உங்ககிட்ட வந்து நின்னேன். வாசிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க."

"ஸாரி மேடம்" என்றான். அது உண்மையான வருத்தம்தான். ஆனால் விண்ணப்பத்தின் மேல் 'பரிசீலிக்க இயலாது' என்றுதான் எழுதினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காந்திமதி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து துணைச் செயலாளருக்கு மேல்முறையீடு எழுதத் தொடங்கினாள். இந்தியில் எழுதினால்தான் மேலே வேகமாக நகரும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

"பாதி வருசம் போயிட்டு. இன்னும் விட மாட்டியா?" என்றார் ஜோதிலிங்கம்.

"விட மாட்டேன். நான் தாமதமா போகலை. என் விரல்தான் தாமதம்."

ஸ்ம்ருதி தன் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஆகஸ்டில் தோழிகளுடன் குர்காவுனிலேயே அறை எடுத்துப் போவதாக முடிவாகியிருந்தது, பாதி சாமான் கட்டியாயிற்று. அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இந்த வார்த்தை தப்பும்மா. 'நிவேதன்'னு ரெண்டு தடவை வந்திருக்கு. ரொம்பக் கெஞ்சற மாதிரி இருக்கு."

"கெஞ்சாம எப்பிடி எழுத?"

"குடு." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இருவரும் அதை எழுதினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கட்டடத்துக்குள் வந்தாள், எத்தனை தடவை விரல் வைத்தாள் என்று காந்திமதி தமிழில் சொல்லச் சொல்ல, மகள் விறைப்பான இந்தியில் டைப் செய்தாள். நடுவில் ஒரு இடத்தில் ஸ்ம்ருதியின் விரல்கள் நின்றன.

"இவ்வளவு நடந்திருக்கா? ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவையா? என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா நீ."

"நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியா?"

ஸ்ம்ருதி சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "சரி, அடுத்த தேதி சொல்லு" என்றாள்.

இரண்டு பக்கம் வந்தது. காந்திமதி வாசித்துப் பார்த்து, ஒரு இடத்தில் மட்டும் மாற்றச் சொன்னாள். 'வயது காரணமாக' என்று மகள் போட்டிருந்த இடத்தில் 'முப்பத்துநான்கு ஆண்டுப் பணி காரணமாக' என்று போடச் சொன்னாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு, வேணு கையில் கொடுத்தனுப்பினாள்.

மூன்று வாரமாகிறது. ஃபைல் நான்காவது மாடியில் இருப்பதாக வேணு சொல்கிறார். பதில் இன்னும் வரவில்லை.